குழந்தைகளாக நடித்த குமாஸ்தாக்கள்

என் அக்காவைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'வெடி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது. முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் தெரியும். "வெடின்னு சொல்லட்டும். நமுத்துப்போன வெடின்னு சொன்னாதான் எனக்குக் கோபம் வரும்" என்பாள். அவளைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் எதற்காகக் கோபப்பட்டாள் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். எனக்கும் வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி சொல்லப் போவதில்லை.

எங்களுடையது மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை. நான் பொட்டலம் கட்டும் பிரிவு. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ், கையுறை, விரல் மரத்துப்போகிற குளிர். அந்தக் குளிரைத் தருவது இயந்திர அறை. அங்கே பெரிய தொட்டியில் அம்மோனியா இருக்கிறது. அது குழாய் குழாயாக ஓடி எங்கள் கூடத்தைக் குளிர வைக்கிறது. குழாய்க்குள் இருக்கிறவரை சாது. வெளியே வந்தால் கண்ணைப் பிடுங்கும், தொண்டையை அடைக்கும். நிறைய வந்தால் ஆளையே முடித்துவிடும். லேசாக நெடி அடித்தாலே எங்கள் கை தானாக மூக்குக்குப் போய்விடும்.

அந்த இயந்திர அறைக்கு எதிரேதான் குழந்தைகள் காப்பகம். எந்தப் புண்ணியவான் யோசனையோ தெரியவில்லை. கேட்டால், அங்கேதான் ஒரு அறை சும்மா கிடந்தது என்றார்கள். கதவு ஒன்றே ஒன்று. அதுவும் இயந்திர அறையைப் பார்த்தபடி. பொட்டலம் கட்டுகிற பெண்களின் கைக்குழந்தைகளும் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளுமாக ஒரு டஜன் பேர் அங்கே வளர்ந்தார்கள்.

அக்காவும் முதலில் பொட்டலப் பிரிவில்தான் இருந்தாள். குளிரில் விரல் மடங்காமல் போனதும் காப்பகத்துக்கு மாற்றினார்கள். தண்டனை மாதிரி அனுப்பினார்கள், அவள் ராணி மாதிரி போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய இரண்டு பையன்களும் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். மாமா லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் பேசுவது அபூர்வம். அவர் பங்குப் பேச்சையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். பிள்ளைகளிடம் மட்டும் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் சாய்த்தால் தூக்கம் வரும் என்பது வரை அவளுக்கு அத்துபடி. என் மகளையும் பால் மறக்காத வயதிலேயே அவளிடம்தான் விட்டேன். பெரியம்மா இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை, வேலை சூடுபிடித்த நேரம். இயந்திர அறையில் ஒரு வால்வு பிசகிக்கொண்டது. சங்கு ஊதுவதற்கு முன்பே நெடி வந்துவிட்டது. நாங்கள் முன்வாசல் பக்கம் ஓடினோம். காப்பகத்தில் அக்காவும் அவளுக்கு உதவிக்கு இருந்த முழங்கால் வலிக்கார அம்மாவும் மட்டும். ஒரே கதவு, அந்தக் கதவுக்கு எதிரேதான் கசிவு. அக்கா துண்டுகளை வாளித் தண்ணீரில் முக்கிக் குழந்தைகளின் முகத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு ஓடினாள். விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். மறுபடி தூக்கினாள், மறுபடி ஓடினாள். நான் முன்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயிற்காவலர் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஒவ்வொரு தடவையும் அவள் கையில் என் மகள் இல்லை. கடைசி நடையில்தான் கொண்டுவந்தாள். கண் வீங்கி, உதடு நீலம் பாரித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது குழந்தை.

யாரும் சாகவில்லை. மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். என் மகளுக்கு மூச்சு இழுக்கிற இழுப்பு இன்றுவரை போகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அக்காவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "உன் சொந்தத் தங்கச்சி பிள்ளை உனக்குக் கடைசியா போச்சா?"

அவள் கண் இரண்டும் கோவைப்பழம். "ஆமா, கடைசியாதான் தூக்கினேன். அடுத்தவ பிள்ளையை உள்ள விட்டுட்டு உன் பிள்ளையை முதல்ல தூக்கிட்டு வந்திருந்தா, நாளைக்கு எவ என்னை நம்பிப் பிள்ளையை விடுவா? அவ நம்ம பிள்ளைடி. அதனாலதான் கடைசி."

நான் அவளோடு பேசவில்லை. ரொம்ப நாள் பேசவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று மனசுக்குத் தெரிந்தது. பெற்ற வயிற்றுக்கு நியாயம் புரியுமா? அவளும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள், குழந்தையைப் பார்ப்பாள், போய்விடுவாள். ஒருநாள் நின்ற இடத்திலேயே சொன்னாள். "யாரை முதல்ல தூக்கறதுன்னு இனிமே எவளும் யோசிக்கக் கூடாது. அப்படி ஒரு நிலைமையே வரக் கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணாம நான் ஓய மாட்டேன்." அன்றைக்குத்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

அரசாங்கத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி விபத்துத் தடுப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டும், வரைபடம் போட வேண்டும், வருஷா வருஷம் ஆய்வாளர் முன்னால் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். நல்ல விஷயம்தானே? அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாதுகாப்பு அதிகாரி ஒருவரைப் புதிதாக நியமித்தார்கள். எந்நேரமும் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பார். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார் என்பதால் 'தொப்பி' என்று பெயர் வைத்தோம். அக்கா அவரிடம் போய் இரண்டே இரண்டு விஷயம் கேட்டாள். இயந்திர அறையைப் பார்க்காத எதிர்ச் சுவரில் இன்னொரு கதவு. கைக்குழந்தைகளை மொத்தமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டு போக, சக்கரம் வைத்த பெரிய கட்டில் ஒன்று.

தொப்பி வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். "பாருங்கம்மா, திட்டம் அனுப்பி ஒப்புதல் வாங்கியாச்சு. இதுல அந்தச் சுவத்துல கதவு இல்ல."

"அதான் சார் கேக்கறேன். இல்லாததாலதான் வைக்கச் சொல்றேன்."

"வரைபடத்துல இல்லாத கதவைச் சுவத்துல எப்படி வைக்கிறது? அப்புறம் திட்டமே தப்புன்னு ஆயிடும். மறுபடியும் முதல்லேருந்து அனுப்பணும்."

கேட்டீர்களா கதையை? கடப்பாரை எடுத்து இடித்தால் ஒரு பகல் வேலை. அதற்கு இந்த வியாக்கியானம். அக்கா வந்து என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "காகிதத்துக்கு வலிக்குமாம்டி. பிள்ளைக்கு வலிக்காதாம்."

சரி, ஒத்திகையிலாவது உண்மை தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். அங்கேயும் எங்கள் காதில் பூ சுற்றினார்கள். ஒத்திகை நாளன்று காப்பகத்துக்கு விடுமுறை. பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்துவிடுமாம், வெயில் ஆகாதாம். என்ன கரிசனம் பாருங்கள். அப்படியானால் காப்பகத்திலிருந்து யார் வெளியேறிக் காட்டுவது? அலுவலகத்திலிருந்து குமாஸ்தாக்களை அழைத்து வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் நூல் கோத்த ஓர் அட்டை. அட்டையில் கொட்டை எழுத்தில் 'குழந்தை' என்று எழுதியிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. தொந்தியும் வழுக்கையும் கண்ணாடியுமாக ஒரு டஜன் குழந்தைகள். சங்கு ஊதியது. குழந்தைகள் சட்டைப் பைக்குள் பேனாவைச் சரிசெய்துகொண்டு, விறுவிறு என்று நடந்து, எல்லோரும் கூடுகிற முன்வாசல் திடலுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார்கள். ஸ்டோர் பொறுப்பாளர் மட்டும் பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, "அம்மா, பசிக்குது, பால் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சிரிப்பு வந்தால் என்ன செய்வது. அக்கா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காப்பகம் வெகு சீக்கிரம் காலியானது என்று தொப்பி ஒலிபெருக்கியில் பாராட்டினார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா ஸ்டோர் வாசலில் போய் நின்றாள். மீசையின் பேத்தியும் காப்பகத்துப் பிள்ளைதான்.

"ஏண்ணே, உங்க பேத்தி நடப்பாளா?"

"இப்பதானே தவழறா."

"பேனாவைச் சரிபண்ணிக்கிட்டு நடப்பாளான்னு கேக்கறேன்."

 அடுத்த ஒத்திகை வரைக்கும் மீசை அக்காவைக் கண்டால் ஸ்டோருக்குள்ளே போய்விடுவார்.

மறு வருஷமும் அதே கூத்து. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு மஞ்சள் கோடு, பிள்ளைகளுக்கு விடுமுறை, குமாஸ்தாக்களுக்கு அட்டை. இந்தத் தடவை ஆய்வாளர் ஒரு பெண். அதிகம் பேசாத ஆள். சங்கு ஊதியதும் குமாஸ்தாக்கள் எழுந்தார்கள். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எவனும் நடக்கக் கூடாது. குழந்தைன்னு அட்டை போட்டிருக்கல்ல? உக்காரு. படு. நான் தூக்கறேன், அப்புறம் போகலாம்."

குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் உட்கார்ந்தது மீசைதான். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டு, பாயில் மல்லாந்து படுத்தார். "தூக்கும்மா" என்றார். கிண்டலே இல்லாத குரலில் சொன்னார் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். மற்றவர்களும் படுத்தார்கள். சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு வெடிமேல் பயம்.

முன்வாசல் திடலில் நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். எல்லாப் பிரிவும் வந்தாயிற்று, காப்பகம் மட்டும் வரவில்லை. எண்ணிக்கை முடியாமல் யாரும் கலையக் கூடாது என்பது திட்டம். தொப்பிக்கு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை ஓடியது. கடைசியில் ஆய்வாளர் தானே நடந்து போய்ப் பார்த்தார். அங்கே அக்காவும் முழங்கால் வலிக்கார அம்மாவும் மீசையின் கையைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாயோடு சேர்ந்து வாசல்வரை வந்திருந்தார். அவ்வளவுதான்.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"ஒத்திகை நடக்குது மேடம்" என்றாள் அக்கா மூச்சு வாங்க. "இதுவரைக்கும் நடந்தது நாடகம். நிஜத்துல வாயு வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் இப்படித்தான் அல்லாடினோம். கடைசியா ஒரு பிள்ளையை விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்தேன். அதுக்கு மூச்சு இருக்குமா இருக்காதான்னு தெரியாம திரும்பி வந்தேன். எனக்கு ஒரு கதவு வேணும். ஒரு வண்டிக் கட்டில் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஆய்வாளர் எதிர்ச் சுவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுதினார். காப்பகத்தில் இருப்பவர்களைப் பத்திரமாக வெளியேற்ற உடனடியாக ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையென்றால் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. நல்ல மனுஷி, எழுத வேண்டியதைத்தான் எழுதினார். அக்கா அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து இரண்டு கிளாஸ் டீ குடித்தாள். "கதவு வந்துடும்டி" என்றாள். என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று அவளிடம் கேட்டாள். என் மகளுக்கு எல்லாவற்றுக்கும் சிவப்பு என்றே சொல்லுகிற வயது.

கதவு வரவில்லை. காப்பகத்தின் பழைய கதவில் பூட்டுதான் வந்தது.

நிர்வாகம் ஆய்வாளருக்குப் பதில் அனுப்பிவிட்டது. காப்பகம் மூடப்பட்டது, அங்கே வெளியேற்றுவதற்கு இப்போது யாரும் இல்லை, எனவே குறை நீங்கியது. அவ்வளவுதான், கையைக் கழுவிக்கொண்டார்கள். நோட்டீஸ் பலகை முன்னால் நின்று அதை இரண்டு தடவை படித்தேன். தொட்டியை நகர்த்த மாட்டார்கள், வால்வை மாற்ற மாட்டார்கள், சுவரில் ஓர் ஓட்டை போட மாட்டார்கள். பிள்ளைகளை மட்டும் ஒரே நாளில் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம். எழுதினவன் கை விளங்குமா?

அதைவிடக் கொடுமை, எங்கள் பெண்கள் அக்காமேல் பாய்ந்தார்கள். "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா காப்பகமாவது இருந்திருக்கும். இப்ப பிள்ளையை எங்க விடறது? உன் கோபத்துக்கு எங்க பிழைப்புதான் கிடைச்சுதா?" என்றார்கள். அக்காவுக்கு வேலையும் போயிற்று. மற்ற நேரமாக இருந்தால் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை சொல்லியிருப்பாள். அன்று தெருக்குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டு, குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். எனக்கு அவர்கள்மேலும் கோபம், அவள் பேசாமல் நின்றதன்மேலும் கோபம்.

பிள்ளைகளை எங்கே விட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் குடியிருப்பிலேதான். தொழிற்சாலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் இயந்திர அறை. காப்பகத்தைவிட இன்னும் கிட்டே. அக்கா வீடு கடைசி வீடு. கொஞ்ச நாள் போனதும், குழாயடியில் அவளைத் திட்டின பெண்ணே முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மீசையின் பேத்தியும் வந்தாள். பழைய காப்பகம் அப்படியே சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கா ஒருநாள் தொப்பியை வாசலில் மடக்கினாள்.

"சார், அந்த வரைபடத்துல சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன போட்டிருக்கீங்க?"

"அங்க ஒண்ணும் போடலம்மா. வெறும் வெள்ளைதான். அது நம்ம எல்லை இல்லையே."

"அங்க நாங்க இருக்கோம் சார்."

"இருக்கீங்க, இல்லைங்கல. ஆனா திட்டத்துல இல்ல."

அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேராகக் காய்கறிக்காரரிடம் போனாள். அவரிடம் பழைய தள்ளுவண்டி ஒன்று சும்மா கிடந்தது. வாங்கி வந்து, நாலு பக்கமும் பலகை அடித்து, உள்ளே மெத்தை விரித்தாள். மாமா ஊருக்கு வந்திருந்தபோது சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக் கொடுத்தார். "எதுக்கு?" என்றுகூட அவர் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டுகளும் தொங்கின.

அடுத்த ஒத்திகை வந்தது. இந்தத் தடவை அட்டை இல்லை, குமாஸ்தாக்களும் இல்லை. காப்பகமே இல்லையே. சங்கு ஊதியது, நாங்கள் திடலுக்கு வந்தோம். மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எண்ணிக்கை சொன்னார்கள். எல்லாம் சரியாக வந்தது. அதே பெண் ஆய்வாளர். தொப்பியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போது முன்வாசலில் சக்கரச் சத்தம் கேட்டது. தீயணைப்பு வண்டிக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக அக்கா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி நிறையக் கைக்குழந்தைகள், முகத்தில் ஈரத்துண்டு. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சுற்றுச் சுவரை ஒட்டி, தெருவெல்லாம் சுற்றி, சங்குச் சத்தத்தைக் கேட்டே கிளம்பி வந்திருந்தார்கள். அவள் புடவை முழங்கால்வரை சேறு. வாயிற்காவலர் தடுக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

வண்டியைத் திடலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். "வந்துட்டோம். எண்ணிக்கோங்க" என்றாள்.

"இவங்க யாரும் திட்டத்துல இல்லையேம்மா" என்றார் தொப்பி. "எண்ணிக்கை இடிக்கும்."

"இடிக்கட்டும்."

எங்கள் வரிசை கலைந்தது. யார் முதலில் போனது என்று தெரியவில்லை. பெண்கள் போய் வண்டியைச் சுற்றி நின்றோம். யாரும் குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கிவிட்டால் ஒத்திகை முடிந்துவிடுமே என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. மீசை ஸ்டோருக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தப் பழைய அட்டைகள். ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டினார். பெரிய ஆட்களுக்காகக் கட்டின நூல், பிள்ளைகளுக்கு முட்டிவரை தொங்கியது. தன் பேத்திக்கும் மாட்டினார். 'குழந்தை' என்று எழுதிய அட்டையை அந்தப் பிள்ளை வாயில் வைத்துக் கடித்தது.

ஆய்வாளர் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காப்பகத்தைக் காலி செய்தது தன் எழுத்துதான் என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தொப்பி ஏதோ சொல்ல வந்ததைக் கை காட்டி நிறுத்திவிட்டு வண்டியருகே வந்தார். "இவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். அக்கா இயந்திர அறைக்குப் பின்னால் உள்ள சுவரைக் காட்டினாள்.

"வரைபடத்தைக் கொண்டு வாங்க" என்றார் ஆய்வாளர் தொப்பியிடம். அதை வண்டிப் பலகைமேல் விரித்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளையில் பேனாவை வைத்தார். "சொல்லுங்க, எண்ணலாம்."

வண்டியின் முனையில், மெத்தைமேல் குப்புறக் கிடந்த ஒரு கைக்குழந்தையை எண்ணப் போனார். அக்கா அவரைத் தடுத்தாள். வண்டியோடு வந்து எனக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என் மகளின் கையைப் பிடித்து, முன்னால் இழுத்து நிறுத்தினாள். ஓடி வந்ததில் குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இவளை முதல்ல எண்ணுங்க மேடம்."